ஒரிஜினல் சக்கரம்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போய்வருகிறவர்களில் பலருக்கு, வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது தெரியாது. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரை இங்கே செய்தது. 1988-இல் ஆலை மூடப்பட்டது. ஆலை போனாலும் கார்கள் அடியோடு போய்விடவில்லை. அவற்றை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேஸியைக் குறுக்கித்தான் 1962-இல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டுக்கும் 13 அங்குலச் சக்கரம், நாலு போல்ட் ஹப். ஆகவே அந்த ஊர் ஸ்பிட்ஃபயர்காரரின் தலைவலியும் இந்த ஊர் ஹெரால்டுகாரரின் தலைவலியும் ஒன்றே: பழைய ரிம் போய்விட்டால் எதை மாட்டுவது? சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கேட்டாலும் வேறெங்கே கேட்டாலும் முதலில் விழும் சொல் 'ஒரிஜினலா?' என்பதுதான். விலைக்காகக் கேட்கிற கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மிகப் பழைய தத்துவ வழக்கு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மாற்றிய சக்கரத்தில் ஓடும் வண்டி அதே வண்டிதானா?

பௌத்தர்களின் மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் என்ற துறவி, தேரில் வந்திறங்கிய மிலிந்த அரசனிடம் இதைத்தான் கேட்கிறார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் தேரா? வெறுமனே சேர்த்தால் அதுவும் இல்லை. 'தேர்' என்பது இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் என்று முடிக்கிறார். நியாய தத்துவப் பள்ளியைச் சேர்ந்த நையாயிகர் இதை ஒப்பவில்லை; உறுப்புகளைத் தவிர முழுமை என்று ஒன்று தனியாகவே உண்டு என்பது அவர்கள் கட்சி. எனக்கு நாகசேனர் பக்கம்தான் சாய்வு. ஆனால் அவர் ஒன்றைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டார் என்று தோன்றுகிறது. குவியலாகக் கிடக்கும் அச்சும் சக்கரமும் தேராகாமல், பூட்டிய அச்சும் சக்கரமும் தேராவது ஏன்? இடையில் நடந்தது பெயர் சூட்டல் மட்டுமல்ல. ஒன்றோடொன்று பொருந்தியிருக்கிறது. வண்டியின் 'அது'வைத் தேட வேண்டிய இடம் உலோகமும் இல்லை, பெயரும் இல்லை. இந்தப் பொருத்தம்தான் என்பது என் வாதம்.

பொருத்தம் என்றால் மாட்டினால் உட்கார்ந்துவிடுவது என்று எண்ண வேண்டாம். ஹெரால்டின் முன்சக்கரங்கள் வியப்பூட்டும் அளவு திரும்பும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் கார் திரும்பிவிடும். குறுகிய தெருவில் அது பெரிய வரம். அழகுக்காக அகலமான அலாய் வீல் மாட்டுங்கள், நாலு போல்ட்டும் சரியாகவே விழும், நேராக ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது டயர் எங்கேயாவது போய் உரசும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பேரிங் மேல் விழும் சுமையும் மாறும், ஸ்டியரிங்கும் கனக்கும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் ஆசைப்படும் கம்பிச் சக்கரத்தில் இது இன்னும் நுட்பம். அதை நடுவில் ஒரே ஒரு பெரிய நட் பிடித்திருக்கிறது. இடப்பக்கத்து நட்டுக்கு வழக்கமான மரை, வலப்பக்கத்துக்கு எதிர் மரை; ஓட ஓடத் தானாக இறுகும்படி அமைத்தது. ஹப்பைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் அதே நட், ஓட ஓடக் கழன்று வரும். பாகங்கள் அத்தனையும் ஒரிஜினல், வண்டி மட்டும் தெருவில் மூன்று சக்கரத்தில் நிற்கும். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பவரைக் கவனித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்க் கம்பியைக் கொஞ்சம் தளர்த்துவார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கண்ணை ரிம் ஓரத்தில் வைத்துக்கொண்டே இருப்பார். வட்டம் என்பது எந்தக் கம்பியிலும் இல்லை, எல்லாம் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் அளவில் இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பொருத்தம்தான் எல்லாம் என்றால், எல்லாப் பாகத்தையும் புதிதாகச் செய்து துல்லியமாகப் பொருத்திய நகலும் அதே கார் ஆகிவிடாதா? பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். கிரேக்கக் கதையில் பலகை பலகையாகப் புதுப்பித்த தீசியஸின் கப்பலிலிருந்து கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? ஹெரால்டுக்கு இது கற்பனைக் கேள்வி இல்லை. தனிச் சேஸி, அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட்டில் பூட்டிய உடம்பு என்று செய்த கார் அது. இரண்டு காரைக் கழற்றி ஒன்றாக்குவது மற்ற கார்களைவிட இதில் சுலபம். பதிலும் நாகசேனரிடமே இருக்கிறது. இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா, வேறா என்று கேட்டு, ஒன்றுமல்ல வேறுமல்ல என்ற முடிவுக்கு அவர் அரசனைக் கொண்டுவருகிறார். ஒரே விளக்கைப் பற்றிக்கொண்டு தொடர்ந்து எரிந்ததுதான் அங்கே கணக்கு. புதுச் சக்கரத்தை ஏற்றுக்கொள்வது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஹப். அடுத்து மாற்றும் ஹப்பை ஏற்றுக்கொள்வது அந்தச் சக்கரம். முழு நகலில் எதையும் ஏற்றுக்கொள்ளப் பழையது என்று எதுவும் இல்லை. ஹாப்ஸின் இரண்டாம் கப்பலிலோ பலகை இருக்கிறது, தொடர்ச்சி அறுந்துவிட்டது.

சைவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். கோயில் திருப்பணியின்போது பாலாலயம் என்ற தற்காலிகச் சந்நிதி செய்து, கலாகர்ஷணம் என்ற சடங்கால் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கு மாற்றி, வேலை முடிந்தபின் குடமுழுக்கில் திரும்பச் சேர்க்கிறோமே. அப்படியானால் கல்லும் சுதையும் மாறினாலும் மாறாத ஒன்று வேறாக இருக்கிறது என்றுதானே பொருள்? தெய்வத்துக்கு அது பொருந்தும். காருக்குள் குடியிருந்து கும்பத்துக்குப் போக யாரும் இல்லை. நான் அந்தச் சடங்கிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு. மாற்றம் ஊரறிய நடக்கிறது. எந்தக் கோபுரத்தை எப்போது யார் புதுப்பித்தார்கள் என்று கல்லில் வெட்டி வைக்கிறார்கள். (ட்யூப் லைட்டில் கூட 'உபயம்' என்று எழுதி வெளிச்சத்தைப் பாதி மறைப்பது நம் ஊரில்தான்.) திருவாரூர் ஆழித்தேர் பல ஆண்டுகள் நின்றிருந்து 1970-இல் மீண்டும் ஓடியது. திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் இருப்பது ஊருக்கே தெரியும். அதனால் அது ஆழித்தேர் அல்ல என்று வடம் பிடிக்கும் யாரும் சொன்னதில்லை. புது ரிம்மில் பழைய தேதியைக் குத்தி 'ஒரிஜினல்' என்று விற்கிறானே, அவன் கெடுப்பது வண்டியை அல்ல, இந்தத் தொடர்ச்சியைப் பற்றிய நம் அறிவை. செய்யும் மாற்றத்தைவிட மறைக்கும் மாற்றம்தான் அடையாளத்தை உடைக்கிறது.

சட்டம் சேஸியையும் எஞ்சினையும் பிடித்துக்கொள்கிறதே என்பார்கள். உண்மைதான். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்காக 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதிகள் சேஸி, பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் கூடாது என்கின்றன. அந்த வரிசையில் சக்கரம் இல்லை. எண் குத்தி ஆர்.சி.யில் எழுத ஓர் இடம் ஆர்.டி.ஓ.வுக்கு வேண்டும், அவ்வளவுதான். அதைத் தத்துவ முடிவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஹெரால்டுக்குப் பின் வந்த கேசல் காரில் ஸ்டாண்டர்டு கம்பெனியே பின் அச்சின் அமைப்பை மாற்றியது. பக்கத்துக்குப் பக்கம் தனியாக ஆடும் அச்சு இந்தியர்களுக்கு ஒத்துவரவில்லை. செய்தவர்களே ஒரிஜினலைப் பிடித்துத் தொங்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழைய ரிம்மை ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். நட் உட்காரும் குழி நாலும் அறுபது வருஷ இறுக்கலில் தேய்ந்து, வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் ஐம்பது கிலோமீட்டரில் மறுபடி தளரும். வண்டலூரிலிருந்து வண்டியோடு வந்த ரிம்தான், சந்தேகமே இல்லை. பின்னப்பட்ட மூர்த்தியைக் கருவறையில் வைத்துப் பூசிப்பதில்லை; குப்பையிலும் போடுவதில்லை. இந்த ரிம்மையும் எந்த வண்டியுடையது, எந்த வருஷம் கழற்றியது என்று சாக்பீஸால் எழுதிக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைக்கலாம்.