நேரத்திற்கு நிஸாப் உண்டா?

பாடசாலை ஒன்றிற்குக் கழிப்பறை கட்ட நிதி வேண்டிப் பெற்றோர்கள் நடத்திய உணவுச் சந்தைக்காக, சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் ஆம்பூர் சென்றிருந்தோம். வாசலில் பிரியாணித் தேக்சா இறங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் விற்கும் மேசைக்குப் பின்னால் சகோதரி ஒருவர் கணக்கு நோட்டும் கையுமாக அமர்ந்திருந்தார். காலணிக் கம்பெனியில் ‘அப்பர்’ தைப்பவர். ஆறு நாளும் விடியலில் கம்பெனி வண்டி ஏறி, இருட்டிய பின் இறங்குபவர். அவருடைய இளைய மகன் மேசைக்கடியில் ஒரு சாக்கின்மீது உறங்கிப் போயிருந்தான்.

அவனைச் சுட்டிக்காட்டி அவர் கேட்டார்: “ஹஜ்ரத், வாரத்தில் இவனுக்கென்று எனக்கிருப்பது இந்த ஒரு நாள். அதையும் இங்கே கொடுத்துவிட்டேன். இதற்கு நன்மை எழுதப்படுமா, கேள்வி கேட்கப்படுமா?”

“நன்மைதான் அம்மா, அதிலென்ன சந்தேகம்!” என்று நாம் உடனே சொல்லிவிட்டோம். நெடுங்காலம் பாடம் சொல்லிப் பழகிய நாவுக்கு விடை எப்போதும் தயாராக இருக்கும்; அஃது ஆசிரியத் தொழிலின் குறைகளுள் ஒன்று. பேருந்தில் வேலூர் திரும்பும்போது அவ்விடை நம்மையே உறுத்தத் தொடங்கிற்று.

பாலாற்றங்கரை ஊர்களில் கல்விக்குக் கொடுத்தவர்களுக்குக் குறைவில்லை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியும், மேல்விஷாரத்தில் 1965இல் அப்துல் ஹகீம் கல்லூரியும், ஆம்பூரில் 1969இல் மழ்ஹருல் உலூம் கல்லூரியும் எழுந்தன. தோல் வணிகத்தால் வந்த செல்வம் கல்லும் சுண்ணாம்புமாக நிற்பதை இப்பகுதியில் கண்ணாரக் காணலாம். வள்ளல்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, இருக்கவேண்டியதுதான். ஆனால் நேரத்தைக் கொடுத்தவர்களின் பெயர் எங்கே இருக்கிறது? காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தில், ஓர் உணவுக்கு 10 காசு என்று கணக்கிட்டு, 6 காசு அரசும் 4 காசு ஊராரும் தருவதென்று பின்னர் ஏற்பாடாயிற்று. அந்த 4 காசைத் திரட்ட யாரோ ஒருவர் தம் வேலை முடித்த மாலையில் வீடு வீடாக ஏறி இறங்கியிருப்பார். அவ்வேளையில் அவர் வீட்டில் அவருக்காகக் காத்திருந்தவர்களை எந்தக் கணக்கேடு குறித்து வைத்திருக்கிறது?

பொருளைப் பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு நுட்பமாகப் பேசுகின்றன! 7½ தோலா பொன்னோ 52½ தோலா வெள்ளியோ, அவசியத் தேவைகளுக்குப் போக எஞ்சி நின்று, ஓராண்டும் கடந்தால்தான் ஜகாத் கடமையாகும். அப்போதும் நாற்பதில் ஒரு பங்குதான். அந்த நிஸாபை எட்டாதவரிடம் யாரும் கை நீட்ட முடியாது. நேரத்திற்கு மட்டும் நாம் அப்படியோர் அளவு வைக்கவில்லை. வைக்காததோடு, மிச்சமில்லாதவரிடமே முதலில் கேட்கிறோம். ஓய்வாக இருப்பவர் மறுத்துவிடுவார்; ஓயாது உழைப்பவர் முகம் முறிக்க அஞ்சி ஒப்புக்கொள்வார் என்பது கேட்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஸதகாவிற்கு நிஸாப் ஏது என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டே திர்ஹம் உடையவர் அதில் ஒன்றைக் கொடுத்தது, பெருஞ்செல்வர் கொடுத்த நூறாயிரத்தை முந்திவிட்டதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஹதீஸ் உண்டு. அவ்வாறாயின் அந்தச் சகோதரியின் ஒரு ஞாயிறு, செல்வரின் காசோலையை முந்தியதென்றே நாமும் நம்புகிறோம். எனினும் அந்த ஏழையின் திர்ஹம் அவருடையது. இந்த ஞாயிறு யாருடையது?

இங்குதான் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ஒரு குறிப்பு நினைவுக்கு வந்தது. அன்ஸாரித் தோழர் ஒருவரும் அவர் மனைவியும், வீட்டிலிருந்த சிறிதளவு உணவை விருந்தாளிக்குக் கொடுக்க எண்ணி, பிள்ளைகளை உறங்கவைத்து, விளக்கையும் அணைத்துவிட்டுப் பட்டினி கிடந்த நிகழ்ச்சியை அறியாதார் இலர். மேடைதோறும் பெற்றோரின் தியாகத்தைப் புகழ்கிறோம். உறங்கவைக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இமாம் அவர்கள் கேட்டார்கள். அப்பிள்ளைகள் உண்மையில் பசித்திருக்கவில்லை, பிள்ளைகளின் வழக்கப்படி கேட்டுக்கொண்டிருந்தனர். பசித்திருந்தால் அவர்களுக்கு ஊட்டுவதே பெற்றோரின் கடமையாகி, விருந்தோம்பல் அதற்குப் பின்தான் வந்திருக்கும் என்று முஸ்லிம் நூலின் விரிவுரையில் விளக்கினார்கள். தன் பங்கை விட்டுக்கொடுப்பது தியாகம். பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்கப் பெற்றவளுக்கும் உரிமையில்லை.

ஆகவே, மேசைக்கடியில் உறங்கிய அச்சிறுவன் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தானா, பசித்திருந்தானா என்பதே கேள்வி. அதைத் தாய் ஒருத்தியே அறிவாள். நாம் யோசியாமல் விடை சொன்னது பிழை.

அவரை மட்டும் யோசிக்கச் சொல்வதும் நீதியன்று. ஊரில் சிலர் நிறைவேற்றினால் மற்றவர் பொறுப்பு நீங்கும் கடமையை ஃபர்ளு கிஃபாயா என்கிறோம். ஆனால் அந்தச் ‘சிலர்’ ஆண்டுதோறும் அதே நாலு பேராகத்தான் இருக்கவேண்டுமென்று எந்த நூலும் விதிக்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் வேண்டும், பாதிப்பேர் பெண்கள் வேண்டும் என்கிறது. நல்லதே. அது நாற்காலியைத் தருகிறது. அதில் உட்காரும் நேரத்தை வீட்டிலுள்ள ஆண்மக்கள் அல்லவா தரவேண்டும்? அன்று சிறுவனின் தந்தை எங்கே என்று நாம் கேட்டிருக்கவேண்டும். கேட்கத் தோன்றவில்லை. கேள்வி தாயிடமிருந்து வந்ததால், பொறுப்பும் அவருடையதே என்று நம் மனமும் எண்ணிவிட்டது போலும்.

ஒரு மாதம் கழித்து மீண்டும் ஆம்பூர் போனபோது, அவரைக் கண்டு இவற்றையெல்லாம் விரித்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி ஹஜ்ரத், அப்படியானால் இந்தக் கணக்கு நோட்டை யார் வாங்கிக்கொள்வார்?” என்றார்.

நாம்தான் வாங்கி வந்தோம். பக்கத்து அறையில் பேரப்பிள்ளைகள் கதை கேட்டு அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டலில் 40 ரூபாய் இடிக்கிறது, இன்னும் பிடிபடவில்லை.