போலிப் பொருளும் கள்ளாமை நோன்பும்



காலம் என்பது ஆறு திரவியங்களுள் ஒன்று என்பது ஜினாகமம் உணர்த்தும் உண்மை. ‘சமயம்’ என்னும் மிக நுண்ணிய அளவு தொடங்கி, ஆவலி, முகூர்த்தம், நாள், பக்கம் என வகுத்து, எண்ணிலடங்கா ஆண்டுகள் கொண்ட பேரளவுகள் வரையில் காலத்தைக் கணித்த பெருமை நம் ஆசாரியர்களுக்கு உண்டு. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், ஒரு முகூர்த்தம். இல்லறத்தார் சாமாயிகத்தில் அமர்வதற்கும், கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்வதற்கும், பர்வ நாள்களில் உண்ணா நோன்பைத் தொடங்கி நிறைவு செய்வதற்கும் நேரம் அறிதல் இன்றியமையாதது. ஆதலால், கடிகாரம் என்பது சிராவகன் விலக்க வேண்டிய பொருளன்று. அறவொழுக்கத்திற்குத் துணை நிற்கும் கருவியே ஆகும்.

எனினும், நேரம் காட்டுவதற்காகத் தோன்றிய அக்கருவி, இன்று பலர் கையில் செல்வம் காட்டும் கருவியாக மாறிவிட்டது. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள சுவிட்சர்லாந்துக் கடிகாரங்களின் பெயரையும் முத்திரையையும் தோற்றத்தையும் அப்படியே பொறித்த போலிகள், சில நூறு ரூபாய்க்கும் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வணிகர்கள் இவற்றை ‘டூப்ளிகேட்’ என்று சொல்வதில்லை. ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’ என மதிப்பாகப் பெயரிட்டு அழைக்கின்றனர். நங்கநல்லூரில் வாழும் இளைஞர் ஒருவர், பழவந்தாங்கலில் மின்சார இரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், எதிரிலேயே பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் பிழைக்கும்பொருட்டு 1969-ஆம் ஆண்டில் உருவான கடைத்தெரு அது. நேர்மையாகப் பொருள் விற்று வாழ்வோர் அங்கே பலர் உளர். எனினும் பெருநகரக் கடைத்தெருக்கள் எல்லாவற்றையும் போலவே, பெயர் போலியான பொருள்களும் அங்குக் கிடைப்பதுண்டு. இக்காலத்தில் அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை, கைப்பேசியே கடையாகிவிட்டது.

“என் வருவாய் சிறிது. உறவினர் திருமணத்திற்குச் செல்ல வேண்டும். இருக்கும் பணத்திற்குள் நல்ல போலியாக எதைத் தேர்வது?” என்று ஓர் இளைஞர் வினவுவதாகக் கொள்வோம். இவ்வினாவைக் கேட்டுச் சினம் கொள்வதில் பயனில்லை. நம் ஆகமம் இதற்கு என்ன விடை தருகிறது என்று ஆராய்வதே முறை.

கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல் என்பன இல்லறத்தாரின் ஐந்து அணுவிரதங்கள். இவற்றுள் ஒவ்வொன்றையும் காக்கும்பொருட்டு, அதனை மாசுபடுத்தும் ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் வகுத்துள்ளார். கள்ளாமைக்குரிய ஐந்து அதிசாரங்கள் இவை: கள்வரைத் தூண்டுதல், களவில் வந்த பொருளைப் பெறுதல், அரசின் ஆணைக்கு மாறாக நடத்தல், அளவையும் நிறையையும் கூட்டியும் குறைத்தும் வழங்குதல், ஐந்தாவதாக, ‘பிரதிரூபக வியவகாரம்’, அதாவது போலிப் பொருளைக் கொண்டு கொடுக்கல் வாங்கல் செய்தல். நூற்றாண்டுகள் பலவற்றுக்கு முன்னரே, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்னும் சொல் பிறப்பதற்கு முன்னரே, அதற்குரிய பெயரையும் குற்றத்தையும் நம் ஆசாரியர் குறித்து வைத்துள்ளமை வியப்பிற்குரியது. செயற்கைப் பொன் முதலியவற்றைக் காட்டி வஞ்சித்து நடத்தும் வாணிபமே இது எனச் சருவார்த்தசித்தியில் பூச்சியபாதர் விளக்கம் தருகிறார். இரத்தினகரண்டக சிராவகாசாரம் அருளிய சமந்தபத்திர சுவாமிகளும், ஒத்த தோற்றமுடைய தாழ்ந்த பொருளை உயர்ந்ததோடு கலத்தலை இவ்விரதத்தின் மாசுகளுள் ஒன்றாக வைத்துள்ளார்.

இனி, அந்த ஒரு கடிகாரத்தில் இவ்வைந்து மாசுகளும் எவ்வாறு வந்து கூடுகின்றன என்பதைக் காண்போம்.

முதலாவது, தூண்டுதல். வாங்குவோர் இன்றேல் செய்வோர் இல்லை. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்று வாயில்களாலும் வினை வந்து பற்றும் என்பது நம் சித்தாந்தம். போலிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அடுத்த போலியைச் செய்வதற்கு அளிக்கும் முன்பணமே ஆகும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, 2019-ஆம் ஆண்டில் நாடுகளிடையே நடந்த போலிப் பொருள் வாணிபத்தின் மதிப்பு 46,400 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றும், அது உலக வாணிபத்தில் 2.5 விழுக்காடு என்றும் கணித்தது. இப்பெருவெள்ளம் சிறு சிறு துளிகளால் ஆனதே.

இரண்டாவது, களவுப் பொருளைப் பெறுதல். “இதில் எதைத் திருடினோம்? உலோகமும் கண்ணாடியும் விலை கொடுத்து வாங்கியவைதாமே?” என்று கேட்கலாம். களவு என்பதற்கு நம் ஆகமம் தரும் இலக்கணம், உரியவர் கொடாததைக் கொள்ளுதல் என்பது. ரோலக்ஸ் என்னும் பெயரை ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்பவர் 1908-இல் பதிவு செய்தார். 1926-இல் நீர் புகாத கூட்டையுடைய கைக்கடிகாரத்தை அவருடைய நிறுவனம் செய்து அளித்தது. ஒரு பெயர் நம்பிக்கை பெறுவதற்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. அப்பெயரை இட்டுக்கொள்ள உரியவர் இசைவு தரவில்லை. பொருளை மக்களின் புறத்தே உலவும் உயிராகக் கருதுகிறார் அமிர்தசந்திர ஆசாரியர். ஆதலின் களவு என்பது இம்சையின் வேறு வடிவமே. “அவர்கள் பெருஞ்செல்வர், நம்மால் என்ன குறைந்துவிடும்?” என்பதும் ஏற்கத்தக்கதன்று. இழப்பவனுக்கு எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு மட்டும் களவு அளக்கப்படுவதில்லை. எடுப்பவன் உள்ளம் எத்தகையதாயிற்று என்பதைக் கொண்டும் அளக்கப்படுகிறது.

மூன்றாவது, அரசாணை. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டத்தின் 103, 104-ஆம் பிரிவுகள், போலிக் குறியைப் பொறிப்போருக்கும் அத்தகைய பொருளை விற்போருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரையில் சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கின்றன. அணிந்துகொள்வதற்கென வாங்குவோரை இப்பிரிவுகள் குறிக்கவில்லை என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். அணிந்து சலித்தபின் அதையே மற்றொருவருக்கு விலைக்குக் கொடுத்தால், விற்பவர் வரிசையில் தாமும் சேர்ந்துவிடுவதை அவர்கள் எண்ணுதல் வேண்டும். மேலும், சட்டம் விட்டுவிடும் இடத்திலும் நோன்பு விட்டுவிடுவதில்லை.

நான்காவது, பொய்யளவை. போலிக் கடிகாரத்தின் முகப்பில் இத்தனை மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்று எழுதியிருக்கும். கைகழுவும் நீரே உட்புகுந்துவிடும். ‘குரோனோமீட்டர்’ என்று எழுதியிருக்கும். எந்தச் சோதனைச் சாலையையும் அது கண்டிருக்காது. பின்மூடியில் பொன் என்றும் உயர்ந்த எஃகு என்றும் பொறித்திருக்கும். சில நாளில் பூச்சு உதிர்ந்து, உள்ளிருக்கும் மலிவான உலோகம் தோலில் அரிப்பை உண்டாக்கும். படியும் நிறைகோலும் மட்டுமே அளவைகள் அல்ல. பொருளின் தன்மையைக் கூறும் எழுத்தும் ஓர் அளவையே.

ஐந்தாவது, பிரதிரூபக வியவகாரம். இங்கு ஓர் ஐயம் எழும். “விற்பவர் போலி என்று சொல்லியே விற்கிறார், வாங்குபவரும் அறிந்தே வாங்குகிறார். வஞ்சனை எங்கே?” என்பது அவ்வையம். இருவருக்குமிடையே வஞ்சனை இல்லாதிருக்கலாம். ஆனால் மூன்றாமவர் ஒருவர் உளர். அந்தக் கடிகாரத்தைக் காண்பவரே அவர். அவர் ஏமாற வேண்டும் என்பதற்காகவே அப்பெயர் அதில் பொறிக்கப்பட்டது. ஒருவரும் ஏமாறாரெனில் அந்தப் போலியை வாங்கவே தோன்றாது. வாய் பேசாவிடினும் கை பொய் பேசுகிறது. கள்ளாமையோடு வாய்மையும் இங்கே மாசுறுகிறது.

அன்பர்களே, இவற்றினும் ஆழமான கேடு ஒன்று உண்டு. மாயை, மித்தியாத்துவம், நிதானம் ஆகிய மூன்றையும் ‘சல்லியம்’, அதாவது உள்ளே தைத்த முள் என்று ஆகமம் கூறுகிறது. இம்முள் நீங்கியவனையே விரதி எனக் கொள்ளலாம். போலியை அணிந்தவர் நிலையை நோக்குங்கள். யாரேனும் உற்றுப் பார்த்தால் கையை இழுத்துக்கொள்கிறார். “எவ்வளவு விலை?” என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். அறிந்தவர் அருகே அமர அஞ்சுகிறார். மதிப்பைத் தேடி வாங்கிய பொருள், இருந்த நிம்மதியையும் கொண்டுபோய்விட்டது. மாயாசாரம் விலங்குகதிக்கு ஏதுவாகும் என்று உமாசுவாமி ஆசாரியர் எச்சரிப்பது மறுமை பற்றியது. இம்முள்ளின் வலியோ இம்மையிலேயே தொடங்கிவிடுகிறது.

அவ்வாறாயின், சிறுவருவாய் உடையோர் செய்யத்தக்கது யாது? நல்ல கடிகாரம் வேண்டுவது குற்றமன்று. பொருள் வரைதல் என்னும் விரதத்தின்படி முதலில் தம் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். பின் அவ்வெல்லைக்குள் தன் சொந்தப் பெயரைத் தாங்கிய பொருளைத் தேட வேண்டும். நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அதன் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் அரசு முடிவெடுத்தபோதிலும், அந்தக் கடிகாரங்கள் பல இல்லங்களில் இன்றும் ஓடுகின்றன. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் இணைந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் நம் ஓசூரிலேயே தொழிற்சாலை கொண்டுள்ளது. இத்தகைய நிறுவனங்களின் எளிய கடிகாரங்கள், நன்கு செய்யப்பட்ட ஒரு போலியின் விலைக்கும் குறைவாகவே கிடைக்கின்றன. இரசீதும் உத்தரவாதமும் உண்டு. பழுதுற்றால் பார்க்க ஆளும் உண்டு.

நேரம் காட்டும் திறனிலும் இவை தாழ்ந்தவை அல்ல. குவார்ட்ஸ் கடிகாரத்தினுள் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதத்திற்குச் சுமார் 15 நொடிக்குமேல் அது பிழைப்பதில்லை. சான்று பெற்ற சுவிஸ் இயந்திரக் கடிகாரத்திற்கோ நாள் ஒன்றுக்கு 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் இசைவு உண்டு. அதாவது, சாமாயிகத்திற்கு அமரும் ஒருவருக்கு எளியோர் கடிகாரம் செல்வர் கடிகாரத்தினும் துல்லியமாகவே நேரம் சொல்லும். செல்வர்க்கும் ஒரு சொல்: பல உயர்விலைக் கடிகாரங்களின் வார் முதலையின் தோலால் ஆனது. அசல் என்பதனாலேயே அது அகிம்சையாகிவிடாது. எஃகு, துணி, ரப்பர் ஆகியவற்றாலான வாரே நமக்கு உகந்தது.

பிற நிறுவனங்கள், புகழ்பெற்ற கடிகாரத்தின் சாயலில் செய்து, தம் சொந்தப் பெயரையே பொறித்து விற்பனவும் உண்டு. பெயரைக் களவாடாமையால் இவை போலியின் இனத்தைச் சேரா. எனினும், காண்போர் வேறொன்றாகக் கருதி மயங்குக என்னும் எண்ணத்தோடு அணிந்தால், பொருள் தூயதாயினும் பாவனை தூயதன்று. தம் உள்ளத்தைத் தாமே சோதித்துக்கொள்க.

முன்னரே போலியை வாங்கிவிட்டவர், அதை விற்கவும் வேண்டா. அசல் என்று கருதுமாறு பிறருக்குப் பரிசளிக்கவும் வேண்டா. பிறர் பொருளைத் தான் கொள்ளாமையோடு மற்றவர்க்குக் கொடாமையையும் சேர்த்தே கள்ளாமை என்கிறார் சமந்தபத்திர சுவாமிகள். தந்தையின் பழைய கடிகாரம் பெட்டியில் உறங்குமாயின், அதைப் பழுதுபார்த்து அணிவதைவிடச் சிறந்த அணிகலன் மகனுக்கு வேறில்லை.

இறுதியாக, சமூகத்தார்க்கு ஒரு வேண்டுகோள். இளைஞர் போலியைத் தேடுவதற்குக் காரணம் இளைஞர் மட்டும் அல்லர். திருமணக் கூடத்தில் கையில் உள்ளதைப் பார்த்து இருக்கை அளிக்கும் வழக்கம் எங்கே உண்டோ, அங்கே போலிகள் பெருகும். செல்வச் செருக்கு எட்டு மதங்களுள் ஒன்றென்று அறிந்த நாம், செல்வம் இல்லாரை நாணச் செய்தலும் அம்மதத்தின் நிழலே என்பதை உணர வேண்டும். தவறியவரைக் கூட்டத்தில் சுட்டிக் காட்டாது குறை மறைத்தலும், தனியே அழைத்து அறத்தில் நிலைநிறுத்தலும் நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் அடங்கும். இருநூறு ரூபாய்க் கடிகாரம் அணிந்து, குறித்த நேரத்தில் ஆலயம் வந்து, கதிர் மறையுமுன் உண்டெழும் இளைஞரை முன்வரிசையில் அமர்த்துவோம். அப்போது போலி தானே விலை போகாது ஒழியும்.

அறம் வளர்க! ஜெய ஜினேந்திரா!