இருபது நிமிஷம் எங்கே போச்சு?

பி.காம். முடித்த கையோடு ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதப் போனேன். அங்கே ஒரு சுவர்க் கடிகாரம். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வருகைப் பதிவேட்டில் நேரம் எழுதுவார்கள். ஒருநாள் மத்தியானம் முதலாளி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். சுவர் இருபது நிமிஷம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளைப் பின்னால் தள்ளிச் சரி செய்துவிட்டார். நல்ல காரியம்தானே?

சாயங்காலம் மெஷின்மேன் வந்து நின்றார். 'தம்பி, காலையில எட்டுன்னு எழுதிட்டு உள்ளே போனேன். இப்ப அஞ்சு. நீங்க ஒன்பது மணி நேரம்னு போடுவீங்க. ஆனா நான் நின்னது ஒன்பது மணி இருபது நிமிஷம்.'

'அண்ணே, இப்பதான் கடிகாரம் சரியா இருக்கு' என்றேன். நான் சொன்னது உண்மை. அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

இதே வழக்கு 2017 ஜனவரி 1 அன்று கம்ப்யூட்டர்களுக்கு வந்தது. பூமி சுற்றுவது அவ்வளவு சீரில்லை. அணுக் கடிகாரம் மகா சீர். இரண்டும் ரொம்ப விலகிவிடாமல் இருக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு விநாடியைச் செருகி வந்திருக்கிறார்கள். மொத்தம் 27 முறை. கடைசியாகச் செருகியது 2016 டிசம்பர் 31 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி. நமக்கு அப்போது விடிகாலை ஐந்தரை. மார்கழி. கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

பல கம்ப்யூட்டர்களில் அறுபத்தோராவது விநாடிக்கு இடமே கிடையாது. அதனால் ஒரே விநாடியை இரண்டு தடவை எண்ணும். அதாவது, நம் முதலாளி மாதிரி முள்ளை ஒரு விநாடி பின்னால் தள்ளும். க்ளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனியின் புரோகிராம் ஒன்று, கேள்வி அனுப்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, பதில் வந்த நேரத்திலிருந்து கழித்து, எவ்வளவு நேரமாச்சு என்று பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் விடை மைனஸில் வந்தது. கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்த மாதிரி! மைனஸைப் பார்த்தே பழகாத புரோகிராம் சில இடங்களில் படுத்துவிட்டது. 'பூஜ்யமா?' என்று சோதித்த இடத்தில் 'பூஜ்யமோ, அதற்கும் கீழேயோ?' என்று மாற்றினார்கள். ஒரே ஓர் எழுத்து.

இதற்கு உண்மையான வைத்தியம் வேறு. கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரங்கள் உண்டு. ஒன்றுக்கு அவர்களும் சுவர்க் கடிகாரம் என்றுதான் பேர். தேதி, மணி சொல்லும். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். இன்னொன்று 'மோனோடோனிக்' கடிகாரம். அதற்குத் தேதி தெரியாது. பக்கத்து மெஷினிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. ஆனால் பின்னால் போகவே போகாது. எவ்வளவு நேரமாச்சு என்று அதைத்தான் கேட்க வேண்டும். அந்த புரோகிராமை எழுதிய 'கோ' மொழியில் இந்த வசதியை அதே 2017 ஆகஸ்ட்டில் சேர்த்தார்கள். (லினக்ஸில் இந்தக் கடிகாரம், மெஷின் தூங்கிய நேரத்தை எண்ணுவதில்லை. என் வயசையும் அப்படிக் கணக்கிட்டால் முப்பதுதான் ஆகிறது.)

காமர்ஸ் படித்தவனுக்கு இது புதிதில்லை. பேலன்ஸ் ஷீட், 'இன்ன தேதியில்' என்று நிலவரத்தைச் சொல்லும். லாப நஷ்டக் கணக்கு, 'இன்ன காலத்துக்கு' என்று சொல்லும். ஒன்றிடம் கேட்க வேண்டியதை மற்றதிடம் கேட்கக் கூடாது. இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பேரேட்டில் தப்பு வந்தால் அழிக்காதே. திருத்தப் பதிவு போடு. யாருக்குக் கூடியது, யாருக்குக் குறைந்தது என்று அதில் தெரிய வேண்டும். ஸ்டூலில் ஏறிய முதலாளி அப்படி ஒன்றும் போடவில்லை. முள்ளைத் திருப்பியதில் தப்பில்லை. பழைய நேரத்தை நம்பி உள்ளே போனவன் ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்பதை மறந்ததுதான் தப்பு. விதிகளைப் பாதியில் திருத்துகிற எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, கடிகாரம் பின்தங்கியிருந்து, முன்னால் தள்ளியிருந்தால்? அவருக்கு இருபது நிமிஷம் லாபம். வந்து சொல்லியிருப்பாரா? மாட்டார். நானும் மாட்டேன், நீங்களும் மாட்டீர்கள். அதற்காக இந்தக் கேள்வி பொய்யாகிவிடாது. 2022-ல் சர்வதேச எடை, அளவுகள் மாநாடு கூடி, 2035-க்குள் இந்த விநாடி ஒட்டுவேலையை விட்டுவிட்டு, வித்தியாசம் இன்னும் கொஞ்சம் வளர்ந்தாலும் பொறுத்துக்கொள்வது என்று முடிவு செய்தது. அடிக்கடி சரி செய்வதைவிடக் கொஞ்சம் தப்பாக இருப்பதே தேவலை என்று பெரிய மனிதர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

மெஷின்மேன் அன்றைக்கு என்னைக் கையைப் பிடித்து மெஷினுக்கு அழைத்துப் போனார். ஆஃப்செட் மெஷினில், ஓடிய தாள்களை எண்ணுகிற கவுன்ட்டர் இருக்கும். காலையில் அதிலிருந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வைத்திருந்தார். 'மணியை விடுங்க, இதைக் கழிச்சுப் பாருங்க.' கழித்தேன். வழக்கத்தைவிட ஆயிரத்துச் சொச்சம் தாள் கூடுதல்.

பதிவேட்டில் ஒன்பது மணி நேரம் என்றுதான் எழுதினேன். உள்ளே போய் முதலாளியிடம் சொல்லத் தைரியமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.