என்பும் நோன்பும்

உடலை வருத்தி இறைவனை நாடுவதா, பேணி நாடுவதா என்னும் வினாவுக்குத் தமிழ்ச் சைவம் ஒரே விடையைத் தரவில்லை. கணவன் பரமதத்தன் தன்னைத் தெய்வமெனக் கருதி விலகியபின், அவன்பொருட்டுச் சுமந்த தசையை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் ஒருபுறம் நிற்க, உடம்பு அழிந்தால் உயிரும் அழியும் எனக் கருதிய திருமூலர் மறுபுறம் நிற்கிறார். ஆயினும் பெரியபுராணத்தைக் கூர்ந்து நோக்கினால், அம்மையார் துறந்தது தசையையும் அழகையுமே அன்றி எலும்பை அன்று என்பது புலப்படும். கயிலையில் தலையால் நடந்து ஏறியது அந்த எலும்புடம்புதான்.

சைவ சித்தாந்தம் உடம்பைத் ‘தனு’ என்று வழங்கி, உயிரைப் பற்றியுள்ள மலம் நீங்குவதற்கு இறைவன் அளித்த துணைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. அத்துணையின் உறுதிக்கோ ஒரு பருவம் உண்டு. எலும்பின் உச்சத் திண்மை, அதாவது வாழ்நாளில் அது எட்டக்கூடிய மிகுந்த அடர்த்தி, பெரும்பாலும் முப்பது வயதுக்குள் அமைந்துவிடுகிறது. மாதவிடாய் முற்றும் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைவதால் தேய்மானம் விரைகிறது. நெடுநாள் குறைவாக உண்டு மாதவிடாய் தடைபடும் இளம்பெண்ணுக்கு அதே குறைவு இருபது வயதிலேயே நேர்ந்துவிடும்.

பழனிமலைத் தொடரில் காப்பியும் மலைவாழையும் விளையும் வடகவுஞ்சி போன்ற ஊர்களில் மேடேறி நடப்பதும் சுமப்பதும் அன்றாடப் பணி. தன்மேல் விழும் பாரத்துக்கேற்ப எலும்பு வலுப்பெறும் ஆகையால் இதில் நன்மை உண்டு. எனினும் வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தரும், காலை உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் கடுங்காப்பியோ பசியை மறக்கச் செய்வதோடு சரி. கால்சியத்தைக் குடல் ஏற்க உதவும் வைட்டமின் டி வெயிலால் தோலில் உருவாவது என்பதால் மூட்டமான மாதங்களும் கணக்கில் வரும்.

ஐப்பசியில் ஆறு நாள் நோற்கும் கந்தசஷ்டி விரதம் நன்றாக உண்டு வளர்ந்தவளின் எலும்பைக் கரைத்துவிடாது. வீட்டார் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தையும், மெலிவு வேண்டி உணவைத் தவிர்ப்பதையும் நோன்பின் பெயரால் போற்றுவதே பிழை. முன்னதில் அவளுடைய விருப்பம் இல்லை, பின்னதில் வழிபாடு இல்லை. அன்றியும் இருபதில் பட்டினி கிடப்பவள் துறப்பது அறுபதில் இடுப்பெலும்பு முறியாமல் வாழ வேண்டியவளின் உடைமையை. அம்மையாரோ தம் வேண்டுதலின் விளைவை அன்றே, தாமே ஏற்றவர்.