தர்மமா, ஹக்கா?

நம்மிடம் வேலை செய்பவருக்கு உரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என்பது மார்க்கத்தின் தெளிவான கட்டளை. இதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அவர் நோயில் விழுந்துவிட்டால்? அவருடைய வைத்தியச் செலவும், வேலைக்கு வர இயலாத நாட்களின் பிழைப்பும் நாம் மனமிரங்கிச் செய்யும் தர்மமா? அல்லது அவருடைய உழைப்பால் பயனடைந்த நம் மீதும், சமுதாயத்தின் மீதும் அவருக்குள்ள ஹக்கா? இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நாட்டு நடப்பைக் கவனிப்போம். 1948-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1952-இல் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கப்பட்டது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் ஆளுக்கொரு பங்கு செலுத்துகிறார்கள். தொழிலாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் வைத்தியம் கிடைக்கிறது. நோயால் வேலைக்கு வராத நாட்களுக்கும், ஆண்டில் 91 நாட்கள் வரை, கூலியில் 70 சதவீதம் கிடைக்கிறது. பழைய சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. எனினும், பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களுக்கே இது பொதுவாகக் கட்டாயம்.

மற்றொன்று, தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். இதன் வருமான வரம்பு 2022-இல் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்த வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும்.

இனி, எட்டுப் பேர் வேலை செய்யும் ஜவுளிக் கடையொன்றில் மாதம் 13,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய ஆண்டு வருமானம் 1,56,000 ரூபாய். முதல் திட்டத்துக்கு அவருடைய கடை சிறிது. இரண்டாவது திட்டத்துக்கு அவருடைய வருமானம் பெரிது! இரண்டுக்கும் நடுவில் அவர் நிற்கிறார். காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் தினக்கூலிக்காரரின் நிலையும் முழுப் பாதுகாப்பானதன்று. ஆஸ்பத்திரிச் செலவு தீர்ந்தாலும், படுத்திருக்கும் நாட்களில் அவர் வீட்டு அடுப்புக்கு யார் பொறுப்பு?

“அப்படிப்பட்டவர்களுக்கு நாம் உதவாமலா இருக்கிறோம்? ரமளானில் ஜகாத் கொடுக்கிறோம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாயிலில் வசூல் செய்தும் கொடுக்கிறோம்” என்று சிலர் கூறலாம். இவை நற்செயல்களே, அல்லாஹ் அவற்றை ஏற்றுக் கொள்வானாக! ஆனால் கொடுக்க வேண்டிய கூலிக்கு ஈடாக ஜகாத்தைக் கணக்கிட முடியாது என்பதை ஃபிக்ஹுச் சட்டம் அறிந்தவர் யாவரும் அறிவர். கடன் வேறு, தர்மம் வேறு. பத்தாவது ஆளைப் பதிவேட்டில் எழுதாமல் விட்டு, அவருடைய இ.எஸ்.ஐ. பங்கை மிச்சப்படுத்திய முதலாளி, அவர் நோயுற்றபோது ஆயிரம் ரூபாயை நீட்டினால் அதற்குத் தர்மம் என்று பெயரிடலாமா? அது அவருடைய பொருளில் ஒரு சிறு பகுதியே அல்லவா! அதனையும் பத்துப் பேர் முன்னிலையில் அவர் கைநீட்டி வாங்க வேண்டியிருக்கிறது. ஹக்காக வந்திருந்தால் தலைநிமிர்ந்து வாங்கியிருப்பார்.

“இன்ஷூரன்ஸ் கூடுமா?” என்பது மற்றொரு கேள்வி. இது நியாயமான பேணுதலே. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான தவணை வாங்கும் வியாபாரக் காப்பீடு ஹராம் என்றும், பரஸ்பர உதவியின் அடிப்படையில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் தீர்மானித்தது. இ.எஸ்.ஐ.யில் பங்குதாரர்களுக்கு லாபம் பிரிப்பதில்லை. ஒவ்வொருவரும் சம்பளத்துக்கேற்பச் செலுத்துகிறார்கள். நோய்க்கேற்ப வைத்தியம் பெறுகிறார்கள். ஆகவே இது இரண்டாவது வகையை ஒட்டியது என்பதே நமது கருத்து. ஐயமுள்ளோர் தம் ஊர் உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

சிறு வியாபாரிகளின் சிரமத்தையும் நாம் மறுக்கவில்லை. 2019 ஜூலையில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதமாகவும், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதமாகவும் குறைக்கப்பட்டன. மேற்சொன்ன 13,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டியது 422 ரூபாய் 50 காசு. பத்துப் பேருக்குக் குறைவான கடைகளும், முதலாளியும் பெரும்பாலான தொழிலாளர்களும் இசைந்தால், விரும்பிச் சேரப் புதிய சட்டம் இடமளிக்கிறது. இயன்றவர்கள் முந்திக் கொள்ளட்டும். இயலாதவர்களின் தொழிலாளர்களை என்ன செய்வது? அங்கே அரசின் பொறுப்பு வருகிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் யாசகம் கேட்ட ஒரு யூத முதியவரைக் கண்டு, அவருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவ ஏற்பாடு செய்த நிகழ்ச்சியை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் தமது ‘கிதாபுல் கராஜ்’ நூலில் பதிவு செய்துள்ளார்கள். வாலிபத்தில் அவரிடம் வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே கலீஃபா அவர்கள் கண்ட நியாயம். அவர் எந்த மதத்தவர் என்பது அங்கே தடையாகவில்லை. இன்றைய தொழிலாளியும் வாங்கும் ஒவ்வொரு பொருளிலும் வரி கொடுக்கிறார். ஆகவே வருமான வரம்பை உயர்த்துங்கள், சிறு கடை ஊழியர்களுக்கான பங்கை அரசே ஏற்கட்டும், நோய்க்காலக் கூலிக்கும் வழி செய்யுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது, நீதி கேட்பதாகும்.

அரசு செய்யும்வரை நம் இல்லங்களில் செய்யக் கூடியதும் உண்டு. வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி காய்ச்சலால் மூன்று நாட்கள் வராவிட்டால் கூலியைப் பிடித்துக் கொள்கிறோம். பெருநாளைக்குச் சேலை எடுத்துக் கொடுத்து மனநிறைவு அடைகிறோம். சேலையையும் கொடுங்கள். ஆனால் அந்த மூன்று நாள் கூலியை முதலில் கொடுங்கள்.

ஹக்கை ஹக்காக அறிந்து நிறைவேற்றும் நற்பாக்கியத்தை அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.