நாளாந்த வாழ்வும் நினைவும்

சென்ற மாதத்து நாள்களுள் எத்தனையை நாம் தனித்தனியே நினைவுகூர முடியும்? விழித்தல், வேலைக்கு விரைதல், மீளல், உறங்கல் என்னும் ஒரே வட்டத்திற் சுழன்ற நாள்கள் ஒன்றோடொன்று கலந்து உருவிழந்து போகின்றன. நாளை வெறும் கால அளவென்று நாம் எண்ணியிருக்க, அது வாளாகி உயிரை அறுத்துக்கொண்டிருக்கிறது என்பது நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் தரும் எச்சரிக்கை. 1890இல் உளவியல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்சும் இதனை வேறொரு கோணத்திலிருந்து நோக்கினார். புதுமை நிறைந்த இளமைக்காலம் நினைவில் நீண்டு நிற்கிறது. பழக்கம் ஆட்சிசெய்யும் பிற்கால ஆண்டுகள் சுருங்கித் தோன்றுகின்றன என்பது அவர் கண்ட முடிபு.

இதற்குச் சொல்லப்படும் பரிகாரம் எளிதானது. வழக்கத்தை விட்டு விலகுங்கள். புதிய வழியாற் செல்லுங்கள். காணாத ஊரைக் காணுங்கள் என்கின்றனர். இவ்வறிவுரை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் இது யாரை நோக்கிக் கூறப்படுகிறது என்று வினவாமல் இதனை நாம் ஏற்றுக்கொள்வதற்கில்லை. தன் நாள் தன் கையில் உள்ளவனே அதன் ஒழுங்கை மாற்ற வல்லவன்.

மலையகத்தை நோக்குவோம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வர்த்தகப் பயிராக்கினார். அதன்பின் அம்மலைகளில் எழுந்த தோட்டங்களில் தொழிலாளரின் நாள் பிரட்டுக் களத்திலே தொடங்கியது. ஒருநாட் கூலி 'பேர்' எனப்பட்டது. கொழுந்தின் நிறை குறைந்தால் பறித்தவளுக்கு அரைப்பேரே கிடைத்தது. மனிதப் பிறவி ஒன்றின் நாளைத் தராசிலிட்டுப் பாதியாக்கும் இடத்தில், வழக்கத்தை விட்டு விலகு என்பது ஏளனமாகவே ஒலிக்கும். அவள் ஒருநாள் விலகினால் அன்று வீட்டில் அடுப்பெரியாது.

இதிலும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. நகரத்தவர் தம் வழக்கத்தினின்றும் விடுபட நுவரெலியாவுக்குச் செல்கின்றனர். வழியிலே வாகனத்தை நிறுத்திக் கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கின்றனர். அப்படத்தின் பின்னணியிற் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிற்கின்றனர். ஒருவருடைய மறக்கவியலாத நாளுக்கு மற்றவருடைய மாறாத நாள் அலங்காரமாகிவிடுகிறது. அவர்கள் தங்கும் விடுதியிற் படுக்கை விரிப்பவனுக்கும் பாத்திரம் கழுவுபவனுக்கும் விடுமுறைக் காலமே வேலை மிகுந்த காலம். ஆகவே, நாளை நினைவிற்குரியதாக்குவது எவ்வாறு என்ற வினா, அந்நாளுக்கு விலை கொடுப்பவர் எவர் என்ற அறவினாவிலிருந்து பிரிக்க முடியாததாகும்.

அவ்வாறாயின் ஓய்வுநாளைக் கூட்டினாலோ மாற்றினாலோ போதுமா? 1966இல் இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாள்கள் வாராந்த விடுமுறையாக்கப்பட்டன. 1971இல் ஞாயிறு மீண்டும் விடுமுறையாயிற்று. நாட்காட்டி இருமுறை மாறியது; வேலைநாள் எவருக்கு உரியது என்ற கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓய்வு இன்றியமையாதது, எனினும் ஓய்வு மட்டும் ஒரு நாளுக்கு உருவம் கொடுப்பதில்லை.

உருவம் கொடுப்பது யாது என்பதை அதே மலையகத்திலிருந்து அறியலாம். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த முன்னோர் தம்முடன் கொண்டுவந்தவற்றுள் காமன் கூத்தும் ஒன்று. மாசி மாதத்தில் காமன் ஊன்றப்படுகிறது. பகலில் மலையில் வேலை செய்தவன் இரவில் மன்மதனாகிறான், இன்னொருவன் ரதியாகிறான். விரதம் காப்போரும் பாடுவோரும் ஆடுவோரும் பார்ப்போருமாகத் தோட்டமே அதிற் பங்குகொள்கிறது. சிவனின் சினத்திற் காமன் எரிந்தபின் ரதி புலம்பும்போது லயத்துப் பெண்களும் உடன் கலங்குகின்றனர். முற்காலத்தில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பி வேலைக்கு அழைத்ததும் தப்பு. கூத்துக்கு அழைப்பதும் தப்பு. கருவி ஒன்றே. முன்னது பிறருக்காக ஒலித்தது. பின்னது தமக்காக ஒலிக்கிறது. ஆண்டுகள் பல கடந்த பின்னரும் அவ்விரவுகள் பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கூத்து கூலியை உயர்த்திற்றா? மறுநாட் காலையில் அதே பிரட்டுக் களமன்றோ? துன்பத்தைப் பொறுக்கச் செய்யும் மயக்கமருந்தை நாம் புகழ்கின்றோமா? ஆட்சேபம் நியாயமானது. கூத்து கூலியை உயர்த்தவில்லை. ஆனால், ஓரிரவைத் தாமே ஒழுங்குசெய்து நடத்தி முடித்த மக்கள், பகலை ஒழுங்குசெய்பவன் யார் என்று கேட்பதற்கு வேண்டிய தன்னம்பிக்கையை அங்கே பெற முடியும். அக்கேள்வி எழாதவரை கூத்து வெறும் ஆறுதலாகவே நின்றுவிடும் என்பதையும் மறுக்க மாட்டோம்.

வழக்கம் என்பதே பகையென்று கொள்வதும் தவறு. கூத்தாடுபவன் ஒரே அடவைப் பலநாள் ஆடிப் பழகாமற் களத்தில் இறங்க முடியாது. மீண்டும் மீண்டும் செய்தலால் மனிதன் தேய்வதுமுண்டு, தேறுவதுமுண்டு. அச்செயலின் நோக்கத்தில் அவனுக்குப் பங்குண்டா என்பதே இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது.

1886ஆம் ஆண்டு மே மாதத்திற் சிக்காகோவிலும் அமெரிக்காவின் பிற நகரங்களிலும் தொழிலாளர் எட்டுமணி நேர வேலைநாள் கேட்டு எழுந்தனர். 1919இற் சர்வதேசத் தொழில் அமைப்பின் முதலாவது சமவாயம் கைத்தொழில்களுக்கு அதனை ஏற்றது. இன்று நம்முட் பலர் அனுபவிக்கும் மாலைப்பொழுது இத்தகைய போராட்டங்களின் பேறாகும். அதனை இன்னும் பெறாதோர் பலர் உளர்.

எனவே மாலைப்பொழுது உள்ள நமக்கு இரண்டு கடமைகள் இருக்கின்றன. அப்பொழுதைக் கடைகளிலும் தொலைபேசித் திரையிலும் கரைத்துவிடாது, வாசிகசாலையிற் கூடி ஒரு நூலைப் பற்றி வாதிடவும், ஊராருடன் ஒரு நாடகத்தை ஒத்திகை பார்க்கவும், சிறுவர்க்கு ஊரின் குளத்தையும் வயலையும் நடந்து காட்டவும் பயன்படுத்துதல் ஒன்று. தம் நாளைத் தமதாக்கிக்கொள்ளப் போராடுவோர் பக்கம் நிற்றல் மற்றொன்று. இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் செய்வோமாயின், நாம் சேர்த்துவைக்கும் இனிய நினைவுகள் பிறருடைய நாள்களிலிருந்து எடுத்தவையாகவே இருக்கும்.