வயலின் பெயர்

கம்பம் பள்ளத்தாக்கில் முதியவர் ஒருவரிடம் அவருடைய நிலம் எங்கே எனக் கேட்டால், அவர் புல எண்ணைச் சொல்வதில்லை. ‘கடைமடைச் செய்’ என்பார். ‘புளியமரத்துக் காடு’ என்பார். ‘குறுணி விதைப்பாடு’ என்பார். மடையும் மரமும் விதையளவும் அறிந்து உழைத்தோர் இட்ட பெயர்கள் இவை. பட்டாவிலோ எண்தான் உண்டு. எண்ணே போதும் எனில், பெயர் எதற்கு?

பெயர், கடமையை நினைவூட்டுகிறது என்பதே நம் விடை. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கிற்கு வந்தது. ஆயினும் கடைமடைக்கு அது சென்று சேர்வது மேல்மடைக்காரரின் மனச்சான்றையும் பொறுத்தது. ‘கடைமடை’ என்று சொல்லும்போதே அயலாரின் பங்கு நம் நினைவுக்கு வருகிறது. எண் அதைச் சொல்லாது.

பெயரை மாற்றுவது அதிகாரத்தின் வழக்கம். சின்னமனூர்ச் செப்பேட்டில், கொடையளித்த நற்செய்கைப்புத்தூருக்குப் பாண்டிய மன்னன் மந்தரகௌரவமங்கலம் எனப் புதுப்பெயர் சூட்டுகிறான். பழைய பெயரும் அச்செப்பேட்டிலேயே இருப்பதால்தான் அதை இன்று நாம் அறிகிறோம்.

ஆனால், எல்லாப் பெயர்களும் இனியவை அல்ல. 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கிய நிலங்களுக்குப் ‘பஞ்சமி நிலம்’ என்று பெயர். சாதியின் இழிவைச் சுமக்கும் சொல் அது. பிறருக்கு விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தும், அந்நிலங்களில் பல பிறர் கைக்குப் போயின. புண்படுத்தும் பெயர் என்று அதை அழித்துவிட்டால், பறிபோன உரிமைக்கான சான்றும் உடன் அழியும். இழிவு நீங்க வேண்டும். சான்று நிலைக்க வேண்டும். இரண்டையும் விரும்புவதே கடினம்.

இங்கே ஈசாக்கு நமக்கு வழிகாட்டுகிறார். தந்தை ஆபிரகாம் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணிட்டு மூடினர். அவர் அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டார் எனத் தொடக்க நூல் கூறுகிறது. புதிய கிணறுகளுக்காகச் சண்டை எழுந்தபோது, ஒன்றுக்குச் ‘சச்சரவு’ என்றும் மற்றொன்றுக்குப் ‘பகை’ என்றும் பொருள்படப் பெயரிட்டார். கசப்பை அவர் மறைக்கவில்லை. அதன் பின்னரே, சண்டையின்றிக் கிடைத்த மூன்றாம் கிணற்றுக்குப் ‘பரந்த இடம்’ எனப் பொருள்தரும் பெயர் கிடைத்தது.

நம் ஊர் முதியவர்களிடம் வயல்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வைப்போம். கசப்பானவற்றையும் விடாமல் எழுதுவோம். உண்மையை மூடிய மண்ணை அகற்றாமல், அனைவருக்கும் இடமுள்ள கிணற்றை நாம் அடையப்போவதில்லை.